செக்கிங் கண்

முத்துப்பேச்சி அழவில்லை என்பதுதான் திருப்பூர் மண்ணரையில் அவளைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த ஒரே செய்தி. அவள் புருஷன் ஜெயபாண்டி கம்பெனி வேனில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். மாரடைப்பு. தூங்குகிறான் என்று நினைத்த பக்கத்து சீட்டுக்காரன், இறங்குகிற இடத்தில் தட்டி எழுப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்க் காரியம் எல்லாம் செய்தார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். முத்துப்பேச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒரு கூட்டம் சொன்னது. அதிர்ச்சி, போகப் போகச் சரியாகிவிடும் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. இரண்டு கூட்டமும் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. பதினேழாம் நாள் அவள் திருப்பூருக்குத் திரும்பி வந்து செக்கிங் டேபிள் முன்னால் நின்றாள்.

சாவதற்கு முன் ஜெயபாண்டி ஒரு காரியம் செய்துவைத்திருந்தான். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும் பனியன் கம்பெனிக்கு வந்துவிட்ட பெண்டாட்டியை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவளிடம் கூடக் கேட்காமல் விண்ணப்பம் போட்டிருந்தான். அவன் போன இரண்டாம் மாதம் இடம் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. முத்துப்பேச்சி போய்ச் சேர்ந்தாள். ஆசையால் இல்லை. போகாமல் இருக்க ஒரு காரணம் தேட வேண்டும், அதற்கு அவளிடம் தெம்பில்லை. பகலில் படிப்பு, சாயங்காலம் கம்பெனியில் அரை ஷிப்ட் செக்கிங் என்று ஒன்றரை வருடம் ஓடிற்று. சோறு உப்பாக இருந்தாலும் சப்பென்று இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

செக்கிங்கில் அவளை அடிக்க ஆள் கிடையாது. தைத்த பனியன் வந்து விழும். விரித்து, திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று கண்ணை ஓட்ட வேண்டும். குறை தெரிந்தால் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டித் தள்ளிப் போட வேண்டும். சரிசெய்ய முடிந்தது ஆல்டர், முடியாதது ரிஜெக்ட். மற்றவர்கள் நூறு பீஸ் பார்க்கிற நேரத்தில் அவள் நூற்றைம்பது பார்ப்பாள். சூப்பர்வைசர் அந்தோணிராஜ் புதிதாகச் சேர்கிற பெண்களிடம் அவளைக் காட்டிச் சொல்வார், "அவளைப் பாத்துக் கத்துக்குங்க. பேச்சில்ல, சிரிப்பில்ல. கவனமெல்லாம் பீஸ்ல." ஒரு மனுஷி உள்ளே செத்துக்கிடப்பதற்கு இப்படி ஒரு பாராட்டு கிடைப்பது நம் ஊரில்தான்.

இரண்டாம் வருடம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முதலில் சில வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைசியில் ஒரு நாள், பயிற்சி நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர் வந்து உட்கார, தானே வகுப்பு எடுக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அரசு தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர். டீச்சர் பெயர் கிருத்திகா, உடுமலைப்பேட்டைக்காரப் பெண், முத்துப்பேச்சியைவிட ஐந்து வயது சின்னவள்.

இந்தக் கிருத்திகாவின் வகுப்பை ஒரு நாள் பார்த்தால் யாருக்கும் மறுபடி மூன்றாம் வகுப்பில் சேரத் தோன்றும். கணக்குப் பாடம் என்றால் பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டு டவுன் பஸ் ஆக்கிவிடுவாள். ஒரு பிள்ளை டிரைவர், ஒரு பிள்ளை கண்டக்டர், மற்றவர்கள் எல்லாம் பயணிகள். பழைய பஸ் ஸ்டாண்டில் பதினாறு பேர் ஏறினார்கள், அடுத்த நிறுத்தத்தில் ஒன்பது பேர் ஏறினார்கள், இப்போது வண்டியில் எத்தனை பேர் என்று கண்டக்டர் கணக்குச் சொன்னால்தான் வண்டி நகரும். தப்பாகச் சொன்னால் வண்டி பஞ்சர். பயணிகள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுவதற்காகவே சிலர் தப்பாகச் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

கண்டக்டர்களில் கெட்டிக்காரி நிதா. எட்டு வயது. அப்பா அலாவுதீன் கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட்ஸ் பனியன் வியாபாரம் செய்கிறவர், அம்மா ரஹ்மத்துன்னிசா வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவள். நிதா விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! அண்ணா, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெய்யுங்க!" என்று கத்தினால் அசல் பஸ்ஸே தோற்றுப்போகும். கணக்கில் சில சமயம் சறுக்குவாள். சறுக்கினால் உடனே அழித்துவிட்டுத் திருப்பிப் போடுவாள். அவள் நோட்டில் எழுதியதைவிட அழித்தது அதிகம்.

முத்துப்பேச்சி கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். 'மாணவர்கள் சிரித்தனர், ஒன்பது முறை.' 'சரியான விடை பதினான்கு, தவறான விடை ஐந்து.' எட்டுப் பக்கம் இப்படியே. அறை முழுக்கச் சிரிப்பு உருண்டுகொண்டிருக்க, அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது, சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை, கிருத்திகாவை ஏதோ பதிவு வேலைக்காகத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். போகிற அவசரத்தில், "அக்கா, நேத்துப் போட்ட கூட்டல் கணக்கு நோட்டெல்லாம் மேசை மேல இருக்குதுங்க. கொஞ்சம் திருத்தி வெச்சர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் இருந்தார்கள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். செக்கிங் செய்த கையும் அப்படித்தான். முதல் நோட்டைத் திறந்ததும் முத்துப்பேச்சியின் கை பேனாவைத் தேடவில்லை. பைக்குள் போய், சாயங்கால ஷிப்டுக்கு வைத்திருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தது. விரித்தாள், கண்ணை ஓட்டினாள், ஒட்டினாள், தள்ளிப் போட்டாள். இருபத்தெட்டு நோட்டும் இருபது நிமிடத்தில் முடிந்தன. வேகத்தில் அவளுக்கே ஒரு திருப்தி. நோட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள்.

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் அம்பு ஸ்டிக்கரைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று மூக்கில் ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கும். இவை திருப்பூர்ப் பிள்ளைகள். பாதிப் பேரின் அம்மாமார் கம்பெனிக்குப் போகிறவர்கள். அந்த அம்புக்கு என்ன அர்த்தம் என்று அதுகளுக்கு ஆனா ஆவன்னாவுக்கு முன்பே தெரியும்.

மறுநாள் காலையில் முத்துப்பேச்சி வந்தபோது கிருத்திகா இன்னும் வரவில்லை. பிள்ளைகள் கம்பெனி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். முனீஸ் என்ற பையன், அவன் அம்மாவும் செக்கிங்தான், ஒவ்வொருவர் நோட்டிலும் எத்தனை அம்பு என்று எண்ணி ஆளைப் பிரித்துக்கொண்டிருந்தான். அம்பே இல்லாதவர்கள் முன்வரிசை, ஓகே. ஐந்துவரை இருப்பவர்கள் நடுவில், ஆல்டர். நிதாவின் நோட்டில் பதினோரு அம்பு. வேறு யாருக்கும் ஐந்துக்கு மேல் இல்லை. "நீ ரிஜெக்ட். அங்க போ" என்று முனீஸ் மூலையைக் காட்டினான். அந்த மூலையில் கைவேலைக்காக வைத்திருந்த வேஸ்ட் துணி மூட்டை கிடந்தது. நிதா போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. யாரும் அவளைக் கேலி செய்யவுமில்லை. கம்பெனி என்றால் அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முத்துப்பேச்சி இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து எழுதினாள்: 'மாணவர்கள் தாங்களாகவே குழுக்களாகப் பிரிந்து அமர்ந்தனர்.'

கிருத்திகா உள்ளே வந்தாள். மூலையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். நெற்றிப்பொட்டில் நரம்பு புடைத்தது. பிள்ளைகளை வெளியே மரத்தடிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, இதென்னங்க வேலை? புள்ளைங்க நோட்டுல ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு இதென்ன பனியனா?"

"கை பழகிப் போச்சு டீச்சர்."

"கை பழகுனா பழகிட்டுப் போவுது. அந்தப் புள்ள மூலையில உக்காந்திருக்குதுங்க. நீங்க பாட்டுக்கு எழுதிட்டு இருக்கறீங்க. கண்ணு தெரியுதில்ல? மனசு எங்கீங்க போச்சு?"

முத்துப்பேச்சி அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமான கேள்விதான். பதிவேட்டை மூடி வைத்தாள்.

கிருத்திகா அன்றைக்குப் பாடம் எடுக்கவில்லை. பெஞ்சுகளைக் கலைத்துப் போட்டு, பிள்ளைகளைக் கலந்து உட்காரவைத்து, ஸ்டிக்கரை எல்லாம் பிய்த்து எறியச் சொன்னாள். பிள்ளைகள் பிய்த்துக் கசக்கி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து அதையும் விளையாட்டாக்கிவிட்டார்கள். நிதா மட்டும் பிய்க்கவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நிதா ஒழுங்காகத்தான் வந்தாள். சொன்னால் எழுதினாள், கேட்டால் எழுந்து நின்றாள். கிருத்திகா விசிலை நீட்டினால், "வேண்டாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பயணியாகப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வண்டி பஞ்சரானால் எழுந்து தள்ளினாள். சிரிப்பு மட்டும் வரவில்லை. கிருத்திகாவுக்கு இருபத்தெட்டுப் பேரைக் கட்டி மேய்க்கிற வேலையில் அது பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. முத்துப்பேச்சிக்கு முழுதும் தெரிந்தது. எண்ணுவதுதானே அவள் வேலை. தினமும் ஒரு சிரிப்பு குறைந்தது. அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற தினுசு வேறு அவளுக்கு நன்றாகத் தெரிந்த தினுசு. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் கிருத்திகாவிடம் போய் நின்றாள். "டீச்சர், நான் இதோட நின்னுக்கிடுதேன். இது எனக்கு வராது. கம்பெனிலயே முழு நேரமும் வரச் சொல்லுதாங்க."

கிருத்திகா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "உங்க கம்பெனில பீஸை ஆல்டர் பண்ணாம அப்படியே மூட்டை கட்டி அனுப்பிருவீங்களா?"

"மாட்டோம்."

"செஞ்சு வெச்சது நீங்கதானுங்க? சரி பண்ணிப்போட்டு எங்க வேணாலும் போங்க. உங்களைப் புடிச்சு வெக்க மாட்டேன்."

இந்தப் பேச்சு முத்துப்பேச்சிக்குப் புரிகிற பாஷையில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் விலாசம் விசாரித்துக்கொண்டு நிதாவின் வீட்டுக்குப் போனாள். வரிசையாகப் பத்து வீடு இருக்கிற லைன் வீட்டில் நாலாவது. ரஹ்மத்துன்னிசா நடுக்கூடத்தில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிதா. அவள் கையிலும் ஒரு சின்னக் கத்தரி.

"வாங்க டீச்சர், வாங்க. இந்தா, நிதா, அந்தத் துணிய நவுத்து, டீச்சர் உக்காரட்டும்." ரஹ்மத்துன்னிசாவுக்கு ஒரே சந்தோஷம். டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள், "முந்தியெல்லாம் இவளுக்கு வாய் ஓயாதுங்க டீச்சர். ஸ்கூல் உட்டு வந்தா பஸ்ஸு, விசிலு, அவன் தள்ளுனான், இவன் உழுந்தான்னு ஒரே ரகளை. இப்ப ஒரு வாரமா சத்தமே இல்லீங்க. அவ பாட்டுக்கு உக்காந்து வெட்டறா. கவனமெல்லாம் வேலைல. ரொம்ப நல்ல புள்ளையா ஆயிட்டா. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

முத்துப்பேச்சியின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது. அவளுக்குப் பயம் வந்தது. ஒன்றரை வருடத்தில் பயம், கோபம், பசி எதுவும் அவளை இப்படிப் பிடித்ததில்லை. அந்தோணிராஜ் அவளைப் பற்றிச் சொல்வதும் இதே வார்த்தைதான். எட்டு வயதில் இந்தப் பாராட்டை வாங்கிவிட்டால் பிறகு அந்தப் பிள்ளை எத்தனை வருடம் இப்படியே இருக்கும்?

"நிதா, அன்னைக்கு நான் ஸ்டிக்கர் ஒட்டுனது தப்பு கண்ணு. மனசுல வச்சுக்கிடாத" என்றாள்.

"பரவாயில்லீங்க டீச்சர்" என்றாள் நிதா. சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. முத்துப்பேச்சி டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தாள். மன்னிப்புக் கேட்டாயிற்று, கிடைத்துமாயிற்று, ஆனால் எதுவும் நடக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் வகுப்பு எடுக்கிற நாள். நாற்பது நிமிடம். விரிவுரையாளர் மோகன்ராஜ் மதிப்பீட்டுத் தாளோடு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்டிப்பான மனிதர், கெட்டவர் இல்லை. வகுப்பு அமைதியாக இருந்தால் பாதி மார்க் அங்கேயே விழுந்துவிடும் என்பது பயிற்சி மாணவிகள் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். கிருத்திகா வாசலில் நின்றாள்.

முத்துப்பேச்சி இரண்டு இலக்கக் கூட்டல் எடுத்தாள். அட்டை, கூழாங்கல், படம் எல்லாம் தயார்செய்திருந்தாள். பிள்ளைகள் சத்தம் காட்டவில்லை. 'ஸ்டிக்கர் டீச்சர்' என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கே எதை ஒட்டிவிடுவாளோ என்று கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மோகன்ராஜ் திருப்தியாகத் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் இப்படியே போயிற்று. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இப்படியே ஓட்டினால் நல்ல மார்க்.

"நிதா, நீ வந்து போர்டுல போடுதியா?"

நிதா எழுந்து நின்றாள். வரவில்லை. "தெரியலீங்க டீச்சர்."

தெரியும் என்று முத்துப்பேச்சிக்குத் தெரியும். பாடத்திட்டத்தில் அடுத்து எழுதியிருந்தது வேறொரு மாணவனை அழைக்க வேண்டும் என்று. அவள் சாக்பீஸை வைத்துவிட்டுப் பின் பெஞ்சுக்குப் போனாள். நிதாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மோகன்ராஜ் பேனாவை நிறுத்திப் பார்த்தார்.

"அந்த நோட்டை எடு தாயி. நான் ஒட்டுனத நானே பிச்சு எடுத்துருதேன்."

நிதா நோட்டை எடுத்தாள், கொடுக்கவில்லை. முத்துப்பேச்சி கையை நீட்டி முதல் அம்பின் முனையை நகத்தால் தூக்கினாள்.

"பிய்க்காதீங்க!"

அந்தக் குரலில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. நிதா நோட்டை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முகம் சிவந்து உதடு துடித்தது. "பிச்சுட்டா எது தப்பு எது ரைட்டுன்னு எப்படித் தெரியும்? நீங்க பாக்கவே இல்ல! கணக்க நீங்க பாக்கவே இல்ல!" நோட்டை விரித்து முத்துப்பேச்சியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதென்ன? நாப்பத்தேழும் முப்பத்தெட்டும் எம்பத்தஞ்சு. ரைட்டா இல்லையா? சொல்லுங்க! ரைட்டுதானே? அப்பறம் ஏன் ஒட்டுனீங்க? நான் அழிச்சு எழுதுனேன். அது அழிச்ச அழுக்கு! அழுக்குக்கு ஒட்டியிருக்கீங்க!"

முத்துப்பேச்சி பார்த்தாள். நாற்பத்தேழும் முப்பத்தெட்டும். பக்கத்தில் ரப்பர் தேய்த்த கறுப்புத் தீற்றல். அம்பு சரியாகத் தீற்றலைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததும் தீற்றல். அதற்கடுத்தது, அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்த சின்ன ஓட்டை. கறை, ஓட்டை, கறை. அவள் ஒரு கணக்கைக்கூடக் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுச் சரியாக்கிய பிள்ளைக்குத்தான் அதிக அம்பு விழுந்திருக்கிறது. வெட்கத்தில் அவள் உடம்பு கூசியது. காது மடல் சுட்டது. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

இதற்குள் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. முனீஸ் பெஞ்சைத் தாண்டி வந்து, "ஆமாங்க டீச்சர், இது ரைட்டுதான், நான் கூட்டிட்டேன்" என்று சாட்சி சொன்னான். இன்னும் நாலு பேர் நோட்டைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ கீழே விழுந்தார்கள். மோகன்ராஜ் எழுந்து, "அமைதி! அமைதி!" என்று மேசையைத் தட்டினார். பிறகு உட்கார்ந்து, வகுப்புக் கட்டுப்பாடு என்ற கட்டத்தில் என்னவோ எழுதினார். நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

நிதாவுக்கு இன்னும் தீரவில்லை. கண்ணீரும் மூக்கும் சேர்ந்து ஒழுக, புறங்கையால் துடைத்துக்கொண்டு நின்றாள். "என்னை மூலையில உக்கார வெச்சாங்க. நீங்க பாத்துட்டு சும்மா இருந்தீங்க."

"ஆமா" என்றாள் முத்துப்பேச்சி. "பாத்துட்டு சும்மா இருந்தேன்."

"எல்லாத்தையும் மறுக்கா பாருங்க. இப்பவே."

முத்துப்பேச்சி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நிதா அவள் தோளை ஒட்டி நின்று, அவள் விரல் போகிற இடத்தையே கவனித்தாள். முதல் கணக்கு சரி. இரண்டாவது சரி. மூன்றாவது தப்பு, அதை நிதாவே ஒப்புக்கொண்டாள். சுற்றிலும் பிள்ளைகள் தலைகளை நீட்டினார்கள். "நேரம் முடிஞ்சிருச்சும்மா" என்று பின்னாலிருந்து மோகன்ராஜின் குரல் கேட்டது. முத்துப்பேச்சி நாலாவது கணக்குக்குப் போனாள். கண்ணில் நீர் முட்டியதால் எண்கள் சரியாகத் தெரியவில்லை. பழக்கத்தில் விரல் அதைத் தாண்டி அடுத்ததற்கு நழுவியது.

நிதா அந்த விரலைப் பிடித்துத் திரும்ப நாலாவது கணக்கில் வைத்தாள்.

"மெதுவாப் பாருங்க டீச்சர்" என்றாள்.